ஸ்மார்ட்போன் பழகும் பெரியவர்களுக்கு: முதலில் வெளியே வரும் வழி

புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கிய பெரியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பும் வீடியோ காலும்தான். அதற்கும் முன்னால் பழக வேண்டியது ஒன்று இருக்கிறது. கை தவறி எங்கேயோ போய்விட்டால் அங்கிருந்து வெளியே வருவது எப்படி? இது கைவந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். ஒரு பட்டனைத் தொட்டதால் மட்டும் போன் கெட்டுப்போகாது. எதையாவது அழிக்கவோ பணம் அனுப்பவோ போகும் முன் அநேகமாக எல்லா ஆப்பும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் செய்யும்.

ஆண்ட்ராய்டு போனில் திரையின் அடியில் மூன்று குறிகள் இருக்கும். அம்புக்குறி அல்லது முக்கோணம் ஒரு படி பின்னால் கொண்டுவரும். நடுவில் உள்ள வட்டம் (சாம்சங்கில் கட்டம்), எந்த ஆப்பில் இருந்தாலும் நேராக முதல் பக்கத்துக்குக் கொண்டுபோகும். மூன்றாவது, இதுவரை திறந்த ஆப்களை வரிசையாகக் காட்டும். பின்னால் வரும் குறி சாம்சங் போன்களில் வழக்கமாக வலப்பக்கம் இருக்கும், வேறு பல போன்களில் இடப்பக்கம். போன் மாற்றியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இப்போது வரும் பல போன்களில் இந்த மூன்று குறிகளும் இருக்காது. விரலைத் திரையின் ஓரத்திலிருந்து இழுத்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த முறை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணுக்குத் தெரிகிற பட்டன் இருந்தால்தான் நினைவில் நிற்கும். செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் நேவிகேஷன் என்று தேடினால் மூன்று பட்டன் முறைக்கு மாற்றும் இடம் வரும். சாம்சங்கில் டிஸ்ப்ளேவுக்குள் நேவிகேஷன் பார் என்று இருக்கும். புதிய ஐபோன்களில் இந்த வசதி கிடையாது. அதில் திரையின் அடி ஓரத்திலிருந்து மேலே இழுத்தால் முதல் பக்கம் வரும். பின்னால் போக, மேலே இடது மூலையில் உள்ள அம்பைத் தொட வேண்டும்.

அடுத்தது விரல். "நான் ஒன்றைத் தொட்டால் வேறென்னவோ வருகிறது" என்பது அதிகம் கேட்கும் புகார். காரணம் பெரும்பாலும் விரலை எடுக்கத் தாமதமாவதுதான். விரல் ஏறக்குறைய அரை நொடி ஒரே இடத்தில் இருந்தாலே அதை நீண்ட அழுத்தமாகப் போன் எடுத்துக்கொள்ளும். அப்போது ஆப் திறக்காது. ஒரு சிறு பட்டியல் வரும், அல்லது அந்த ஐகான் விரலோடு நகரத் தொடங்கும். ஐகான்கள் இடம் மாறுவதும் காணாமல் போவதும் இப்படித்தான். மெல்லத் தட்டி உடனே எடுக்கப் பழகுங்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு அது கடினம் என்றால் போனையே பொறுமையாக்கலாம். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை அதிகமாக்க வழி உண்டு. அதை நீளமாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இந்தத் திரை அழுத்தத்தை அல்ல, தோலில் உள்ள மின்கடத்தும் தன்மையை உணர்கிறது. அதனால் நகத்தால் தொட்டால் வேலை செய்யாது, பலமாக அழுத்தினாலும் பயனில்லை. மிகவும் வறண்ட விரலும் சரியாகப் பதியாது. ஈர விரல் கண்டபடி பதியும். போனைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் திரையின் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தால், மற்ற விரலால் தொடுவதைப் போன் தவறாகப் புரிந்துகொள்ளும். பக்கவாட்டில் மட்டும் பிடியுங்கள், அல்லது மேசையில் வைத்துப் பழகுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்குவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எழுத்தளவு, திரையளவு என்று இரண்டு உண்டு. இரண்டையும் உச்சத்தில் வைத்துவிட்டால் சில ஆப்களில் கீழே இருக்க வேண்டிய பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். சரி என்று தொட இடமே இருக்காது. முதலில் எழுத்தளவை மட்டும் இரண்டு படி கூட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் திரையளவுக்குப் போகலாம். கூடவே, திரை அணையும் நேரத்தை 2 நிமிடமாக வையுங்கள். பல போன்களில் அது 30 நொடிதான் இருக்கும். ஒரு செய்தியைப் படித்து முடிப்பதற்குள் திரை இருண்டுவிடுவதால்தான் பலர் பதறிப்போய் கண்டதையும் அழுத்துகிறார்கள்.

ரிங் கேட்கவில்லை என்றால் கடைக்கு எடுத்துப் போகும் முன் இந்த வரிசையில் பாருங்கள். திரையின் மேல் ஓரத்திலிருந்து விரலைக் கீழே இழுத்தால் சிறு சிறு குறிகள் கொண்ட ஒரு பலகை வரும். அதில் விமானக் குறி ஒளிர்ந்தால் போனுக்கு சிக்னலே வராது. ஒருமுறை தொட்டு அணையுங்கள். வட்டத்துக்குள் கோடு போட்ட குறியோ பிறை நிலவோ ஒளிர்ந்தால், தொந்தரவு செய்யாதே என்ற நிலையில் போன் இருக்கிறது. அழைப்பு வரும், சத்தம் வராது. அதன் பிறகு ஒலிக் குறியைப் பாருங்கள், சைலன்ட்டிலோ வைப்ரேஷனிலோ இருக்கலாம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஒலியளவு. இங்கே ஒரு நுணுக்கம்: ரிங் ஒலி, பாட்டு மற்றும் வீடியோவின் ஒலி, அலார ஒலி, பேசும்போது கேட்கும் ஒலி எல்லாம் தனித்தனி. பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் அந்த நேரத்தில் எது ஓடுகிறதோ அதன் ஒலிதான் மாறும். பேசுகிறவர் குரல் காதில் சரியாகக் கேட்கவில்லை என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். மற்ற நேரத்தில் அந்தப் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் குரலின் ஒலி உயராது. யாருடைய குரலும் கேட்கவே இல்லை என்றால் புளூடூத்தையும் பாருங்கள். எங்கோ கிடக்கும் இயர்போனுக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

பேசும்போது திரை கறுப்பாவது கோளாறு இல்லை. கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்காமல் இருக்க, காதருகே கொண்டுபோனதும் திரை தானாக அணையும். காதிலிருந்து எடுத்த பிறகும் கறுப்பாகவே இருந்தால், காதருகே வருவதை உணரும், மேலே உள்ள உணரியை (சென்சார்) அழுக்கோ, சரியாகப் பொருந்தாத டெம்பர்ட் கிளாஸோ மறைத்துக்கொண்டிருக்கலாம்.

போன் திடீரென்று தானாகப் பேசத் தொடங்கி, ஒருமுறை தொட்டால் எதுவும் திறக்காமல் பச்சைக் கட்டமோ நீலக் கட்டமோ மட்டும் வருகிறதா? இது வைரஸ் இல்லை. பார்வையற்றவர்களுக்கான டாக்பேக் என்ற வசதி இயங்கிவிட்டது. பல போன்களில் ஒலியைக் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 3 நொடி அழுத்தினால் அது இயங்கும். பையில் இருக்கும்போதே அழுந்தியிருக்கலாம். அதேபோல் மறுபடி 3 நொடி அழுத்துங்கள், நின்றுவிடும். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால் தேர்வு மட்டும் ஆகும். திறக்க அடுத்தடுத்து இரண்டு முறை தட்ட வேண்டும். நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இந்த முறையில் செட்டிங்ஸுக்குள் போய் அணைக்கலாம்.

கைரேகை இருக்கும்போது பின் எண் (PIN, போனைத் திறக்க நீங்கள் வைத்த ரகசிய எண்) ஏன் கேட்கிறது என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. போனை அணைத்துப் போட்ட பிறகு முதல் முறை பின் எண்ணைத்தான் கேட்கும், அது பாதுகாப்புக்காக. இடையிலும் எப்போதாவது கேட்கும். அதனால் கைரேகையையே நம்பிப் பின் எண்ணை மறந்துவிடாதீர்கள். வயதாக ஆக விரல் ரேகை தேய்வது இயல்பு. ஒரே விரலை இரண்டு முறை பதிவு செய்துவைத்தால் ஓரளவு சரியாகும்.

போன் மெதுவாகிறது, படம் எடுக்க முடியவில்லை, இடம் இல்லை என்று வருகிறது என்றால் அநேகமாக வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான் காரணம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற பகுதிக்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் இருக்கிறது. பெரிய கோப்புகளையும் பலமுறை பகிரப்பட்டவற்றையும் அதுவே பிரித்துக் காட்டும். வேண்டாதவற்றைத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். அதே பகுதியில் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்திவிட்டால், நீங்கள் தொடும் படம் மட்டுமே போனில் இறங்கும். இதைச் செய்யாமல் அழித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பேரக்குழந்தையின் படத்தைத் தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம். கூகுள் போட்டோஸிலும் ஐபோனிலும் அழித்த படம் குப்பைப் பகுதியில் ஏறக்குறைய 30 நாள் இருக்கும். கூகுளில் ஏற்கெனவே பேக்கப் ஆன, அதாவது இணையத்தில் நகல் சேர்ந்துவிட்ட படமென்றால் 60 நாள். அங்கிருந்து மீட்கலாம்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போனில் வரும் ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது; வங்கி என்றாலும், உறவினர் என்றாலும். வாட்ஸ்அப்பிலிருந்து வரும் 6 இலக்க எண்ணும் அப்படித்தான். அதைச் சொல்லிவிட்டால் உங்கள் கணக்கே அவர்கள் கைக்குப் போய்விடும், பிறகு உங்கள் பெயரில் உங்கள் சொந்தங்களிடம் பணம் கேட்பார்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஒரு தனி எண் வைத்துவிட்டால், அந்த 6 இலக்கம் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எளிதில் நுழைய முடியாது. திருமணப் பத்திரிகை என்றோ ரசீது என்றோ சொல்லி வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை அல்ல, ஆப். உதவி செய்வதாகச் சொல்லி, திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அதைப் போட்டபின் நீங்கள் தட்டுவதெல்லாம் அவர்கள் கண்ணில் படும். இணையத்தில் ஏதோ படிக்கும்போது "உங்கள் போனில் 5 வைரஸ்" என்று சிவப்பாக மின்னினால் அது வெறும் விளம்பரம். எதையும் தொடாமல், நடுவில் உள்ள குறியை அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாக, போன் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதே யோசித்துவையுங்கள். பெயரும் எண்ணும் சிம்மில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா, கூகுள் கணக்கில் இருக்கிறதா என்று பலருக்குத் தெரியாது. புதிய எண்ணைச் சேமிக்கும்போது எங்கே என்று கேட்டால் கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். புதுப் போனில் அதே கணக்கைப் போட்டதும் அதில் சேமித்த எல்லா எண்ணும் வந்துவிடும். கடைக்காரரே ஒரு கணக்கை உருவாக்கித் தந்திருந்தால் அதன் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒரு தாளில் அந்தக் கணக்கின் முகவரி, நெருங்கிய இருவரின் எண்கள், போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) ஆகியவற்றை எழுதி வீட்டில் வையுங்கள். டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அடித்தால் ஐஎம்இஐ எண் திரையில் வரும், 15 இலக்கம். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண் வரும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போதும் போனை முடக்கச் சொல்லும்போதும் கேட்கப்படுவது அந்த எண்தான்.