கிழிந்த ஆக்ஸில் பூட் (ரப்பர் உறை) ஒன்றை வீட்டிலேயே மாற்றிய கதை

முன் டயரில் அடிக்கடி காற்று இறங்குகிறதே என்று பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டு, டயரை விட்டுவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சார், ஆக்ஸில் பூட்டு போயிடுச்சு. கிரீஸ் பூரா வெளிய அடிச்சிருக்கு பாருங்க." சாவி போடும் பூட்டு இல்லை இது; ஆக்ஸிலின் மூட்டை மூடி, கிரீஸை உள்ளே பிடித்துவைக்கும் ரப்பர் உறை. ஆங்கிலத்தில் boot. ரிம்மின் உட்பக்கம், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் எல்லாவற்றிலும் ஒரே கோடு பிடித்த மாதிரி கறுப்பாகத் தெறித்திருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் சின்ன கார் சக்கரம் நொடிக்கு ஒன்பது தடவை சுற்றும். ரப்பரில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல் இருந்தால் கிரீஸ் எப்படி உள்ளே நிற்கும்?

வண்டி பதினைந்து வயசு ஹேட்ச்பேக். அம்பாசிடர், பத்மினி காலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. அவை பின்சக்கரத்தில் ஓடுபவை. 1983-ல் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கரமே இழுக்கும் வண்டி நம்மூரில் பரவலானது. முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். அதற்காகத்தான் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் (ஆக்ஸில் என்பதும் இதைத்தான்) இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட். சக்கரப் பக்கம் இருப்பதில் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் ஓடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் வேகம் கூடிக் குறையாமல் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்திவிடும். ஃபோர்டில் இருந்த ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர் 1920-களில் கண்டுபிடித்தது. 1959-ல் வந்த மினி காரில் இந்த வகை ஜாயின்ட்தான். இத்தனை நுணுக்கமான சாமானை மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் காப்பாற்றுவது சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மடிப்பு ரப்பர். அதுதான் பூட்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஆக்ஸிலை முழுசாக மாற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கணக்குச் சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: பூட்டை மட்டும் மாற்றிக் கொடுத்து, அடுத்த மாதமே ஜாயின்ட் சத்தம் போட்டால் திட்டு அவர்களுக்குத்தான் விழும். ஆனால் என் ஜாயின்ட் கெட்டுவிட்டதா இல்லையா என்று யாருமே பார்க்கவில்லை.

அதைப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக வட்டமடிக்க வேண்டும். அப்புறம் மறுபக்கம். சக்கரப் பக்கத்து வெளி ஜாயின்ட் தேய்ந்திருந்தால் 'டக் டக் டக்' என்று வேகத்துக்கு ஏற்றபடி சத்தம் வரும். எனக்குச் சத்தம் வரவில்லை. கிழிசலில் விரலை விட்டுக் கொஞ்சம் கிரீஸை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தேன். வெளி ஓரத்தில் இருந்ததில் நறநறவென்று மண். உள்ளே ஆழத்திலிருந்து எடுத்தது வழவழவென்றே இருந்தது. கிழிந்து ரொம்ப நாள் ஆகவில்லை என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, தாம்பரம் பக்கத்துத் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்குள் முடித்துவிட்டால் ஜாயின்ட் பிழைக்கும். தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிறகு பூட் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜி.பி. ரோட்டில் சாமான் வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்டது பிளவு பூட். நீளவாக்கில் வெட்டியிருக்கும், ஆக்ஸிலைக் கழற்றாமலே சுற்றிப் பசை போட்டு ஒட்டிவிடலாம். "அரை மணி நேர வேலைண்ணே" என்றார். கிரீஸ் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. ஒட்டினாலும் பழைய மண் உள்ளேயே இருக்கும். ஊருக்குப் போகிற வழியில் கிழிந்தால் வீடு சேர அது உதவும், அவ்வளவுதான். வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்குமாக இரண்டு பூட், இரண்டு கிரீஸ் பாக்கெட், கிளாம்புகள், ஜாயின்ட் ஷாஃப்டிலிருந்து கழலாமல் பிடிக்கும் லாக் எல்லாம் அடங்கிய கிட் வாங்கினேன். கூடவே, ஆக்ஸில் முனையைச் சக்கரத்தின் நடுவில் பிடித்திருக்கும் ஆக்ஸில் நட் புதுசாக ஒன்று. என் வண்டியில் நட்டின் உதட்டை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கிப் பூட்டியிருக்கும். ஒருமுறை நிமிர்த்தினால் அந்த நட்டை மறுபடி நம்பக் கூடாது.

உள்பக்க பூட் எதற்கு என்று கேட்கலாம். என் வண்டியின் மேனுவல், சக்கரப் பக்க ஜாயின்டை ஷாஃப்டிலிருந்து பிரிக்காதே என்கிறது. பல மெக்கானிக்குகள் சுத்தியலால் ஓங்கி அடித்து அதைக் கழற்றத்தான் செய்கிறார்கள். கழன்றும் வரும், சில சமயம் அடிபட்டும் போகும். மேனுவல் வழி வேறு: கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்டைக் கழற்றி, அந்த முனை வழியாக இரண்டு பூட்டையும் உருவி, புதுசை அதே வழியில் ஏற்று. வேலை கூடுதல், ஆனால் எங்கேயும் முரட்டு அடி கிடையாது. நான் அந்த வழியையே எடுத்துக்கொண்டேன்.

துணைக்கு மாமனார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் நட்டு போல்ட்டு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதே ஆக்ஸில் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் அந்த முரட்டு இழுப்பில் வண்டி ஸ்டாண்டிலிருந்து நகரும். முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். மடக்கிய உதட்டைச் சிறு உளியால் நிமிர்த்தி, சாக்கெட்டில் கம்பி மாட்டி, கம்பியில் ஆளுயர ஜி.ஐ. பைப்பைச் செருகி அழுத்தினால் 'டொக்' என்று விட்டது. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்தோம். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கழற்றிய சக்கரத்தையும் படுக்கவைத்து அடியில் தள்ளிவிட்டோம், இரண்டாம் காவலாக.

அடுத்து, சக்கரம் மாட்டும் ஹப்பையும் அதைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மையும் இணைக்கிற பால் ஜாயின்டைப் பிடித்திருக்கும் போல்ட். அதை உருவிய பிறகு லோயர் ஆர்மைக் கீழே அழுத்த வேண்டும். அதன் மேல் பைப்பை நெம்புகோலாக வைத்து மாமா ஏறி நின்றார். "இழுங்க மாப்ளே, நான் புடிச்சிருக்கேன்." பால் ஜாயின்ட் வெளியே வந்ததும் மொத்த ஹப்பும் ஷாக் அப்சார்பரில் தொங்கியபடி வெளிப்பக்கம் ஆடியது. இந்த இடத்தில் பிரேக் ஹோஸிலும் ஏ.பி.எஸ். ஒயரிலும் ஒரு கண் இருக்க வேண்டும்; அவற்றை இழுபட விடக் கூடாது. ஆக்ஸில் முனை ஹப்பின் பற்களில் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. நான் சுத்தியலை எடுத்ததும் மாமா கையைக் காட்டினார். "வெறும் தலையில அடிக்காதீங்க, மரை நசுங்கிடும். பழைய நட்டை விளிம்பு வரைக்கும் மாட்டி, மரக்கட்டை வெச்சு தட்டுங்க." தட்டினோம், வந்தது.

உள்பக்க ஜாயின்டின் வெளிக்கூட்டை கியர்பாக்ஸிலேயே விட்டுவிட்டேன். அதை உருவினால் கியர் ஆயில் கொட்டும், சீல் அடிபடும். பூட்டின் பெரிய கிளாம்பை வெட்டி, பூட்டைப் பின்னுக்குத் தள்ளி ஷாஃப்டை இழுத்தால், முனையில் மூன்று உருளைகள் மாட்டிய முக்காலி போன்ற துண்டு கூட்டிலிருந்து வெளியே வரும். டிரைபாட் என்பார்கள். உருளைகளுக்குள் ஊசி ஊசியாகப் பேரிங்குகள். உருளை நழுவி விழுந்தால் தரையில் தவழ்ந்துதான் பொறுக்க வேண்டும். அதனால் வெளியே வந்தவுடன் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். கியர்பாக்ஸ் பக்கத்துக் கூட்டின் வாயிலும் தூசி போகாமல் பிளாஸ்டிக் கவர்.

டிரைபாடும் ஷாஃப்டும் இருந்த நிலையைப் பெயின்டால் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு, லாக்கை எடுத்து, புல்லரால் இழுத்துக் கழற்றி, பழைய பூட்டுகளை உருவி எறிந்தோம். என்னைக் கேட்டால் உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதுவரை செய்ததெல்லாம் ஜாயின்டின் வாசலுக்குப் போக வழி.

வெளி ஜாயின்டை ஒரு பெயின்ட் வாளியில் டீசல் ஊற்றி முக்கினேன். ஜாயின்டை ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்தால் எதிர்ப்பக்கத்துக் குண்டு மேலே எழும்பிக் கண்ணுக்குத் தெரியும். அதைச் சுற்றிப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, கொஞ்சம் திருப்பி அடுத்த குண்டு, இப்படி ஆறும். முதல் டீசல் தார் மாதிரி கறுத்தது. வாளியின் அடியில் மினுமினுவென்று மணல் படிந்தது. டீசலை மாற்றி மாற்றி, அடியில் ஒன்றும் படியாத வரை கழுவினேன். அப்புறம் டார்ச் அடித்து ஒவ்வொரு குண்டையும் அது ஓடும் தடத்தையும் பார்த்தேன். தடத்தில் பளபளப்பாகக் கோடு இருக்கலாம், அது ஓட்டத்தின் அடையாளம். நகம் மாட்டும் அளவுக்குக் குழியோ, செதில் பெயர்ந்ததோ, கூட்டில் விரிசலோ இருந்தால் அந்த ஜாயின்டின் கதை முடிந்தது. பூட் காசு கூட வீண். என்னுடையதில் நகம் எங்கும் தட்டவில்லை. மாமாவும் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓடும்" என்றார்.

டீசல் மிச்சம் இருந்தால் புது கிரீஸை நீர்க்கச் செய்துவிடும். பிரேக் கிளீனர் அடித்து, சைக்கிள் பம்பால் ஊதி, வெயிலில் வைத்துக் காயவிட்டேன். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். நூல் பிரியாத துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டும், நூல் உள்ளே போனால் மறுபடி வாளிதான். டிரைபாடுக்கும் கியர்பாக்ஸ் பக்கத்துக் கூட்டுக்கும் துடைத்து எடுப்பதே போதுமாக இருந்தது.

ஷாஃப்ட் முனையின் பற்களில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, அதன் மேல் புது பூட்டை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் பூட்டின் உதட்டைக் கீறிவிடும். வெளி பூட் முதலில், பின்னால் உள்பக்க பூட்டும் அதன் சின்னக் கிளாம்பும். அப்புறம் குறி பார்த்து டிரைபாட், புது லாக். கிட்டில் வந்த கறுப்பு கிரீஸ் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது. வெளி ஜாயின்டுக்கு அதுதான். கடையில் டப்பாவில் கிடைக்கும் சாதாரண கிரீஸை அடைப்பது மிச்சம் பிடிக்கிற இடமில்லை. விரலால் குண்டுகளுக்கு இடையே அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும் வரை ஏற்றினேன். மீதியை பூட்டுக்குள். உள்பக்கத்துக்கு அதற்குரிய பாக்கெட்.

பூட்டின் உதடு ஷாஃப்டின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பெரிய கிளாம்பை இறுக்கிய பிறகு, சின்ன முனையில் ஸ்க்ரூடிரைவரை மெல்ல நுழைத்து உள்ளிருந்த காற்றை விட்டேன். 'புஸ்' என்று சத்தம் வந்து மடிப்புகள் இயல்பாக நின்றன. உப்பியோ சப்பியோ நிற்கும் பூட் சீக்கிரம் கிழியும். காது வைத்த கிளாம்பை நசுக்கத் தனிப் பிளையர் உண்டு, என்னிடம் இல்லை. மாமாவின் பழைய ஆணி பிடுங்கும் குறடு அதே வேலையைச் செய்தது. உள்பக்க பூட்டின் பெரிய கிளாம்பை மட்டும் வண்டியில் ஏற்றிய பிறகு, படுத்துக்கொண்டு இறுக்க வேண்டியிருந்தது. உடம்பு வலித்தது அந்த ஒரு கிளாம்புக்குத்தான்.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். பால் ஜாயின்ட் போல்ட் அதன் பள்ளத்தில் சரியாக நுழைந்ததா என்று மட்டும் இரண்டு தடவை பாருங்கள். சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கி, புது ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்சால் மேனுவலில் போட்டிருந்த 175 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, உதட்டைப் பள்ளத்தில் அடித்து மடக்கினேன். இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டிக்குரியதைத் தேடி எடுங்கள். குத்துமதிப்பாக விடக் கூடாது, சக்கர பேரிங்கின் ஆயுசு இதில்தான் இருக்கிறது. அதே காரணத்தால், இந்த நட் இல்லாத நிலையில் வண்டியைத் தரையில் உருட்டவும் கூடாது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் தொடாததால் அலைன்மென்ட் கலையவில்லை.

மறுபடி மைதானத்தில் இரண்டு பக்கமும் வட்டமடித்துப் பார்த்தேன், சத்தமில்லை. கறுத்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் ஒரு கராஜில் கொடுத்துவிட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு வாரம் ஓடிய பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது கிளாம்புகளின் ஓரம் உலர்ந்தே இருந்தது. மறுபக்க பூட் இன்னும் கிழியவில்லை, ஆனால் மடிப்புகளின் அடியில் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன. அதற்கும் ஒரு கிட் வாங்கியாயிற்று. பிளையரை யாரிடமாவது கடன் கேட்க வேண்டும்.