முள் காட்டும் பக்கம்

நவம்பர் 9

தம்பி அனுப்பிய, பைக்கில் வழிகாட்டும் கருவி வந்துவிட்டது. ஒரு பணியாரம் அளவுதான். கறுப்பு வட்டம், நடுவில் அம்புக்குறி, அடியில் இன்னும் எத்தனை மீட்டர் என்று ஓர் எண். வரைபடம் கிடையாது, பேசவும் பேசாது. போன் சட்டைப் பையில் கிடக்கும். அது புளூடூத்தில் சொல்வதை இது காட்டும். ஹேண்டில்பாரில் பட்டையைச் சுற்றி, கருவியை வைத்து லேசாகத் திருகினால் உட்கார்ந்துகொள்கிறது.

அப்பச்சியிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "மணி ஓடலையே" என்றார்.

நவம்பர் 10

அப்பச்சிக்கு ரத்தத்தில் சோடியம் 121. 135-க்கு மேல் இருக்கணுமாம். குறைந்தால் நினைவு தடுமாறுமாம். உப்பு மாத்திரை, தண்ணீர் அளந்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். ஆத்தா சொம்பை ஒளித்து வைத்திருக்கிறாள்.

நவம்பர் 11

போனையே ஹேண்டிலில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே, இதற்கு எதற்குக் காசு என்று கேட்கிறார்கள். மாட்டித்தான் கெட்டேன். 350 சிசி, ஒற்றை சிலிண்டர். கை நடுக்கத்துக்கு ஈடுகட்ட கேமரா லென்ஸை உள்ளே அசையும்படி வைத்திருக்கிறார்கள்; ஒரு வருஷம் இந்த வண்டி அடித்த அடியில் அது படுத்துவிட்டது. ஐபோன்காரர்களே 2021-ல் பைக் இன்ஜின் அதிர்வு கேமராவுக்கு ஆகாது என்று எழுதிப் போட்டார்கள். என்னுடையது ஐபோன் இல்லை. ஆனாலும் கதை அதேதான். போன தையில் அப்பச்சியை எடுத்த படமெல்லாம் கலங்கல். அப்போது நன்றாக இருந்தார்.

நவம்பர் 12

மழை. போகவில்லை.

நவம்பர் 14

வாங்க வேண்டிய பதினொரு கையெழுத்தில் நாலு கையில் இருக்கிறது. ஐந்தாவதுக்கு இன்று கீழச்சிவல்பட்டி.

பஸ் போகும் சாலையில் கருவி நல்ல பிள்ளை. திருப்பம் நெருங்க நெருங்க எண் இறங்குகிறது, அம்பு எந்தப் பக்கம் என்று காட்டுகிறது. ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். கண் சாலையிலேயே இருக்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊருக்குள் நுழைந்த பிறகுதான் வினை. தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர், இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே சுவர், பாதி வீட்டில் பூட்டு. ஒரு சின்னக் கதவுக்கு முன்னால் எண் பூஜ்யமானது. தட்டினேன். கையில் சாம்பலோடு ஓர் ஆச்சி கதவைத் திறந்தார்கள். பின்னால் அடுப்படி, கவிழ்த்து வைத்த அண்டா.

"கையெழுத்துக்கு வந்தவன் பின்வாசல்லயாப்பா வர்றது? சுத்தி வா."

நம் நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறவை. கருவிக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு நடுவே குத்திய ஒரு புள்ளி. நான் வந்த வழிக்கு எந்தத் தெரு கிட்டமோ அங்கே நிறுத்திவிட்டது. சுற்றிப் போகப் போக எண் ஏறிக்கொண்டே வந்தது, திரும்பு திரும்பு என்று அம்பு மன்றாடியது. அணைத்துப் பையில் போட்டேன்.

முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு என்று வரிசையாக நிலைகள், எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் நான் தட்டிய பின்வாசல் உள்ளங்கை அகல வெளிச்சமாகத் தெரிந்தது. அங்கேயிருந்து நேரே வந்திருந்தால் ஐம்பது அறுபது காலடி.

கையெழுத்துப் போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். டம்ளரை வாங்கும்போதுதான், "அப்பச்சிக்கு ஆள் தெரியுதா?" என்று கேட்டார்கள். தெரிகிறது என்றேன். காலையில் என்னை அம்மான் என்று கூப்பிட்டார்.

நவம்பர் 15

செயலியில் தேடுகிற பெட்டியில் விலாசம் போட்டால் ஒன்றும் வருவதில்லை. எப்படி வரும்? அதற்கு விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும். நமக்குப் பெயருக்கு முன்னால் வருகிற எழுத்துகள். டீக்கடையில் அந்த எழுத்துகளைச் சொன்னால் வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். முகப்பு வாசலில்.

நவம்பர் 18

இதில் இன்னொரு முறை உண்டு. திருப்பமெல்லாம் சொல்லாது, போக வேண்டிய இடம் எந்தத் திசை, காக்கை பறந்தால் எத்தனை கிலோமீட்டர், அதை மட்டும் காட்டும். வழி நம் பாடு. இன்று அப்படிப் போய்ப் பார்த்தேன்.

கண்மாய் நிறைந்திருக்கிறது. அம்பு தண்ணீர் நடுவே காட்டுகிறது, 2.1. கரை மேலே ஏறினேன். கரை அரிவாள் மாதிரி வளைகிறது. வண்டி அதன் போக்கில் போக, அம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே வந்தது. 2.1, 2.0, மறுபடி 2.1, 2.2. கலுங்கில் தண்ணீர் போகிறது. தாண்ட முடியாது. இறங்கி நின்றேன். கால் மணி நேரம் நாரை பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

கையெழுத்து ஒன்றும் இல்லை. ஏனோ நல்ல நாளாகத்தான் பட்டது.

நவம்பர் 20

டாக்டர் என்ன கிழமை என்று கேட்டார். "அது தெரியாமலா ஆசுபத்திரி வச்சிருக்கே?" என்றார் அப்பச்சி. சிரித்தோம். ஆனால் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நான் நகரத்தாரின் ஒன்பது கோயில் பெயரைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டார்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, பிள்ளையார்பட்டி. ஒன்பதாவது விரல் நீட்டியபடியே இருந்தது. இரணிக்கோவில் வரவில்லை.

எங்கள் கோயில் அது. அவர் கல்யாணம் பதிந்த கோயில், என் கல்யாணம் பதிந்த கோயில்.

நவம்பர் 21

எட்டு.

நவம்பர் 22

எட்டு. சோடியம் 124.

நவம்பர் 24

விடிகாலை நாலு மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முகப்பில் நிற்கிறார். வீட்டுக்குப் போவோம் என்கிறார். இதுதானே அப்பச்சி வீடு என்று சொல்லிப் பயனில்லை, நேற்றே தெரிந்துகொண்டேன். எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். ஒரு தயக்கமும் இல்லாமல்.

விடிந்ததும் அவர் நின்ற இடத்தில் நின்று அந்தத் திசையைப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கோழிக்கூண்டு. அதற்கு அப்பால் வெகு தூரத்தில் ரயில் பாதை.

கருவியும் நின்றால் தவிக்கிறது. ஓடும்போது செயற்கைக்கோளை வைத்துத் திசை தெரிந்துகொள்கிறது, நாலு கண்ணில் பட்டால் போதும். நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் திசைகாட்டிதான் கதி. டேங்க், ஹேண்டில் என்று சுற்றிலும் இரும்பு. எட்டுப் போட்டு ஆட்டினால் சரியாகும் என்று போட்டிருக்கிறது. தெருவில் நின்று காற்றில் எட்டுப் போட்டேன். எதிர்வீட்டு ஆயா, "தீபம் காட்டுறியா?" என்றார்கள்.

நவம்பர் 28

நல்ல மழை. கருவி நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் தும்முகிறேன். சோடியம் 126.

நவம்பர் 30

இன்று ஏமாந்தேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்தச் செயலியை மூடியிருக்கிறது. அம்பு கடைசியாகக் காட்டிய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்க, நானும் நம்பித் தைலமரக் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போய்விட்டேன். எண் மாறவே இல்லை என்பதைக்கூட கவனிக்கவில்லை. எங்கே கவனம்? இரணிக்கோவிலில்.

செம்மண்ணில் பின் சக்கரம் புதைந்தது. ஆடு மேய்க்கிறவர் வந்து தள்ளிவிட்டார். "எந்த விலாசம்?" என்றார். சொன்னேன். கம்பை நீட்டிக் காட்டினார், நான் வந்த பக்கத்தையே.

மாலைக்குள் இரண்டு கையெழுத்து. நடுவில் வாங்கிய ஒன்றையும் சேர்த்து மொத்தம் எட்டு. இந்த எண் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

டிசம்பர் 3

தீபம். ஆத்தா திண்ணை முழுக்க விளக்கு வைத்தாள். அப்பச்சி ஒவ்வொன்றாக எண்ணினார், நடுவில் விட்டார், மறுபடி முதலிலிருந்து. யாரும் அவசரப்படுத்தவில்லை.

டிசம்பர் 4

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பத்து. தேவகோட்டை மட்டும் பாக்கி.

டிசம்பர் 5

சோடியம் 131. ஆத்தா பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். நோன்புத் திரிக்கு வேண்டிய இருபத்தோரு இழைக்குக் கோடி வேட்டி வாங்கச் சொல்கிறாள்.

அப்பச்சி இன்று ஒன்பது சொன்னார். குதித்துவிட்டேன். அப்புறம்தான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், வேலங்குடி இரண்டு தடவை.

தேவகோட்டை அண்ணன் பேசிப் பதினேழு வருஷம். போன் செய்துவிட்டு வா என்கிறாள் ஆத்தா. போன் செய்தால் வராதே என்பார். கருவி சார்ஜில் கிடக்கிறது.

டிசம்பர் 6

தேவகோட்டையில் டீக்கடையிலிருந்து எழுதுகிறேன். 58 மீட்டர். நான் அசையவில்லை, எண் மட்டும் 58, 63, 55 என்று ஆடுகிறது. அம்பு சுவரைக் காட்டுகிறது. முகப்பு இந்தத் தெருவா, அடுத்த தெருவா என்று கேட்டேன். கடைப் பையன் பார்த்துவரப் போயிருக்கிறான்.