ஃபுளோரைடு பேப்பர் தேடுபவர்களுக்கு

என் பிஎச்.டி. தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு பற்றியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்துவிட்டது. ஆனாலும் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைத்தான் பிடிக்கிறோம். பென்னாகரம் பக்கம் ஃபுளோரைடால் பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது வெறும் ஆய்வுத் தலைப்பு இல்லை.

ஜூனியர் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஏஐ கிட்ட கேட்டா பேப்பரெல்லாம் அதுவே எடுத்துக் குடுக்குதே, அது போதுமா?"

எடுப்பதற்கு அருமையான கருவி. கூகுள் ஸ்காலரில் 'ஃபுளோரைடு, தர்மபுரி' என்று போட்டால் அந்தச் சொற்கள் உள்ள பேப்பர்களைச் சுற்றியே தேடல் நிற்கும். எலிசிட், கன்சென்சஸ் போன்ற ஏஐ தேடல் கருவிகளில் முழுக் கேள்வியாகவே கேட்கலாம். "கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய நீரில் ஃபுளோரைடு ஏன் ஏறுகிறது?" என்று கேட்டேன். தெலங்கானாவின் நல்கொண்டாவும் வந்தது, எத்தியோப்பியாவின் பிளவுப் பள்ளத்தாக்கும் வந்தது. எத்தியோப்பியாவில் எரிமலைப் பாறை, தர்மபுரியில் நைஸும் சார்னோகைட்டும். பாறை வேறானாலும் நீரின் வேதியியல் ஒன்றுதான்: கால்சியம் குறைந்தால் ஃபுளோரைட் (கால்சியம் ஃபுளோரைடு) கனிமம் இன்னும் கரையும். ஊர்ப் பெயரை வைத்துத் தேடியிருந்தால் எத்தியோப்பியா பக்கமே போயிருக்க மாட்டேன்.

போதாதது எங்கே என்றால், ஏஐ தரும் சுருக்கத்தில். ஃபுளோரைடை நீக்கும் வழிகளைக் கேட்டால், 'ஆக்டிவேட்டட் அலுமினா (ஃபுளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் வடிகட்டிப் பொருள்) நன்றாக நீக்குகிறது' என்று ஒரே வரியில் பதில் வரும். உண்மைதான். ஆனால் அது நன்றாக வேலை செய்வது பிஎச் 5, 6 அளவில், அதாவது லேசான அமிலத்தன்மையில். ஃபுளோரைடு கூடிய நம் போர் தண்ணீரோ பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அந்த பிஎச் பேப்பரின் செய்முறைப் பகுதியிலோ ஏதாவது ஓர் அட்டவணையிலோ இருக்கும், சுருக்கத்துக்கு வராது. அந்த ஒரு வரியை நம்பி ஒரு கிராமத்துக்கு ஃபில்டர் பரிந்துரைப்பது சரியில்லை. முழுப் பேப்பரையும் திறந்து பிஎச், நீரில் ஃபுளோரைடின் தொடக்க அளவு, நீர் அலுமினாவோடு தொடர்பில் இருக்கும் நேரம் மூன்றையும் பார்த்த பிறகுதான் நான் குறிப்பு எழுதுவேன்.

பொதுவான சாட்பாட்டிடம் மேற்கோள் கேட்பவர்கள் ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும் (பேப்பருக்கான நிரந்தர அடையாள எண்) சரிபாருங்கள். இல்லாத பேப்பரும் அதில் கலந்து வரும்.

அப்புறம், நம் ஊர்த் தகவல். எந்த ஊர்க் கிணற்றில் எவ்வளவு என்ற விவரம் பல நேரம் ஜர்னல்களில் இருக்காது, நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளில் இருக்கும். அவற்றுக்கு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனி பிடிஎஃப், சில வெறும் ஸ்கேன். ஏஐ தேடலில் இவை எனக்குச் சிக்குவதே அரிது. அதில் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து, துறைவாரியாகத் தலைப்புகளைப் படித்துக்கொண்டே போங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் மாதிரி எடுத்த ஊர்களின் பட்டியலும் வரைபடமும் எனக்குக் கிடைத்தது அங்கேதான்.