டி-ஷர்ட் வாங்குறப்போ விலைச்சீட்டை அப்புறம் பாருங்க, கழுத்தை முதல்ல பாருங்க

வேலூர் வெயிலுக்கு தினப்படி போட 300-லிருந்து 600 ரூபாய்க்குள்ள நல்ல காட்டன் டி-ஷர்ட் கிடைக்கும். லாங் பஜார்ல வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, ஜிஎஸ்எம் கேளுங்க. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு அது. அக்னி நட்சத்திரத்துக்கு 150–160 போதும். 180 கூடுதலா உழைக்கும். 220, 240 எல்லாம் குளிருற ஊருக்கு. இங்க காட்பாடி போய்ச் சேர்றதுக்குள்ள முதுகு நனைஞ்சிடும்.

கழுத்துப் பட்டியை ரெண்டு கையால இழுத்து விடுங்க. உடனே பழைய அளவுக்கு வரணும். வரலைன்னா பத்து சலவையில தொங்கிடும். லைக்ரா (ரப்பர் மாதிரி இழுபடுற இழை) கலந்த, வரிவரியா பின்னின ரிப் பட்டின்னா நல்லது.

பக்கத் தையல் அக்குள்ல இருந்து நேரா கீழே இறங்குதா? இப்பவே முன்பக்கம் சாஞ்சிருந்தா, துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கும். பின்னல் துணியைச் சரியா பதப்படுத்தாம தைச்சா இப்படித்தான்.

கலப்படம் பார்க்க நூலை எரிக்கிறவங்க நிறைய தப்பு பண்றாங்க. தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அதை எரிச்சா எல்லா டி-ஷர்ட்டும் தோத்துடும். துணியிலிருந்தே ஒரு இழை உருவுங்க. காட்டன்னா காகிதம் எரியற வாசனை, சாம்பல் பொடியும். உருகி மணி மாதிரி கெட்டியானா பாலியஸ்டர். (கடைக்குள்ள பண்ணாதீங்க, வீட்ல!)

உப்புத் தண்ணியில துவைக்கிறவங்க சோப்பைக் குறைச்சு, ரெண்டு முறை அலசுங்க. உள்பக்கம் திருப்பி நிழல்ல, கொடியில மடிச்சுப் போடுங்க. ஈரத்தோட ஹேங்கர்ல மாட்டினா தோள்ல கொம்பு முளைக்கும்.