ஊர் திறந்திருக்கும் நாள் பார்த்து

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வார இறுதிக் குழுக்களை வண்டியேற்றிப் போகும் வேலையில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு பழகிப்போன ஒன்று. ஆல்பகர்க்கியில் வந்து இறங்கும் நண்பர்கள் கையில் ஓர் எக்செல் தாள் இருக்கும். சனிக்கிழமை ஆகோமா, தாவோஸ் என்ற இரண்டு பூர்வகுடி ஊர்கள். ஞாயிறு ஒயிட் சாண்ட்ஸ் என்ற வெண்மணல் பாலைவனம். வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஆகோமா மேற்கே ஒரு மணி நேரம், தாவோஸ் வடக்கே இரண்டரை, ஒயிட் சாண்ட்ஸ் தெற்கே மூன்றரை. அந்தத் தாளை நம்பினால் இரண்டு நாளும் கார்க் கண்ணாடிக்குள் இருந்தே பாலைவனம் பார்க்க வேண்டியதுதான்.

தூரத்தையாவது வேகமாக ஓட்டிச் சமாளித்துவிடலாம். ஊரின் நாட்காட்டியைச் சமாளிக்க முடியாது. பியூப்லோ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு ஊர் என்றும் பொருள், ஊர்ச்சனம் என்றும் பொருள். ‘ஊர் என்ன சொல்லும்’ என்று நாம் சொல்வதும் அப்படித்தானே. இந்த மாநிலத்தில் பியூப்லோ என்று அழைக்கப்படும் 19 பூர்வகுடி ஊர்களுக்கும் தனித்தனி நிர்வாகம், தனித்தனிக் கட்டுப்பாடு. தாவோஸ், குளிர்கால முடிவில் சுமார் பத்து வாரம் வெளியாருக்கு வாசலை அடைத்துவிடும். ஆகோமாவிலும் சடங்கு நாட்களில் அனுமதி இல்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் மூடலாம். முதல் நாளே போன் போட்டுக் கேட்காமல் கிளம்பிய வண்டி வாசலில் இருந்து திரும்பினால் குறை ஊர் மேல் இல்லை. அதற்கு மாற்றாக ஆல்பகர்க்கியில் 19 ஊர்களும் சேர்ந்து நடத்தும் இந்தியன் பியூப்லோ பண்பாட்டு மையத்தை மனதில் வைத்திருப்பது நல்லது.

இரண்டு நாளுக்குள் அடங்குவது இவ்வளவுதான்: சனி காலை ஆகோமா, மாலை எல் மல்பாயிஸ் எரிமலைக்குழம்பு வெளி, ஞாயிறு பேண்டலியரின் பாறைக் குடைவு வீடுகள்.

ஆகோமா, 360 அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கும், தலை தட்டையான மணற்பாறைக் குன்றின், அதாவது மெசாவின் உச்சியில் இருக்கிறது. மெசா வேறொன்றுமில்லை, போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன ‘மேசை’யின் உடன்பிறப்பு. மேலே மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. தனியாக ஏற விடமாட்டார்கள். அடிவாரப் பண்பாட்டு மையத்தில் சீட்டு வாங்கி, அவர்கள் பேருந்தில் ஏறி, ஊர்க்கார வழிகாட்டியோடு சுமார் ஒன்றரை மணி நேரம் சுற்றலாம். போட்டோ எடுக்கத் தனி அனுமதி வேண்டும். போனும் கேமரா கணக்குதான். வீடியோ கூடாது. 1629இல் கட்டத் தொடங்கிய சான் எஸ்தேபான் தேவாலயத்தின் உள்ளேயும் கல்லறைத் தோட்டத்திலும் படமே எடுக்கக் கூடாது. அந்தத் தோட்டத்து மண் முழுக்கக் கீழிருந்து சுமந்து கொண்டுவந்து கொட்டியது. தலைக்கு மேலிருக்கும் உத்திரங்கள் டெய்லர் மலையில் வெட்டித் தூக்கி வந்தவை. இறங்கும்போது முழங்கால் ஒத்துழைத்தால் பேருந்தை விட்டுவிட்டு, பாறையில் செதுக்கிய பழைய படி வழியாக வரலாம். கை வைத்துப் பிடிக்கக் குழிகள் உண்டு. அதனால் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பானை வாங்கியவர்கள் பேருந்திலேயே இறங்குவது உத்தமம்.

பானை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், பெரும்பாலும் கேட்காததால். ஆகோமாக் களிமண்ணில் பழைய பானை ஓடுகளைப் பொடித்துக் கலப்பார்கள். அந்தப் பொடிதான் காயும்போதும் சுடும்போதும் வெடிப்பைத் தடுக்கிறது. அதனால்தான் சுவரை அவ்வளவு மெல்லியதாக இழுக்க முடிகிறது. சக்கரம் கிடையாது. மண்ணைத் திரித்துச் சுருள் சுருளாக அடுக்கி, சுரண்டி வழித்து, வெள்ளைப் பூச்சின் மேல் யக்கா என்ற பாலைவனச் செடியின் இலை நாரால் கோடு இழுப்பார்கள். விற்பவரின் அதே மேசையில் அச்சில் வார்த்த பானையும் இருக்கும், விலை வெகு குறைவு. விரலை உள்ளே விட்டுத் தடவினால் கையால் எழுப்பியதில் மேடுபள்ளம் தட்டும். அச்சுப் பானை கண்ணாடிக் குவளை போல வழவழப்பாக இருக்கும். “மண் நீங்களே தோண்டியதா, கையால் எழுப்பியதா?” என்று நேராகவே கேட்கலாம், மறைக்காமல் சொல்வார்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். தண்ணீர் ஊற்றிவைத்தால் வண்ணம் உரிந்துவிடும். விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும்.

மாலையில் எல் மல்பாயிஸுக்கு 117ஆம் எண் சாலை. ஒரு பக்கம் மஞ்சள் மணற்பாறை விளிம்பு, கீழே கண்ணுக்கெட்டிய வரை கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பு. வெயில் சாயும்போது விளிம்பில் நின்று பார்த்தால் போதும். குழம்புப் பாறையில் இறங்கி நடக்கிறவர்களுக்குத் தடித்த அடிவைத்த ஷூ வேண்டும், அந்தப் பாறை கத்தி மாதிரி அறுக்கும். அங்கே தடம் பதியாது, கற்குவியல்தான் அடையாளம். அடுத்த குவியல் கண்ணில் பட்ட பிறகே இருக்கும் குவியலை விட்டு நகர வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடி மின்னல் வரும். அப்போது விளிம்பில் நிற்க வேண்டாம்.

பேண்டலியரில் கோடைப் பகலில் பக்கத்து ஊரான ஒயிட் ராக்கிலிருந்து ஷட்டில் பேருந்தில்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். குடைந்த அறைகளின் கூரை கரிபிடித்துக் கறுத்திருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துத் தடவுகிறார்கள். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை உதிரும். அது உதிராமல் கெட்டிப்பட வேண்டுமென்று புகையேற்றிய கரி அது. லாங் ஹவுஸ் என்ற பழைய வீட்டு வரிசைப் பக்கம் பாறையில் வரிசையாகத் துளைகள் தெரியும். உத்திரம் செருகிய துளைகள் அவை. வரிசையை எண்ணினால் எத்தனை மாடி இருந்தது என்று தெரிந்துவிடும். தரையிலிருந்து 140 அடி உயரத்தில் பாறைக் குடைவுக்குள் இருக்கும் ஆல்கோவ் ஹவுஸுக்கு நான்கு மர ஏணிகள். ஏறுவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் கால் நடுங்கும். ஏணியைப் பார்த்தபடியே இறங்குங்கள்.

ஒருவருக்கு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர். விடுமுறை நீண்டு ஒயிட் சாண்ட்ஸ் பக்கம் போனால் விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பும் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு.

திருவிழா நாளில் போக வாய்த்தால் (ஆகோமாவில் செப்டம்பர் 2, தாவோஸில் செப்டம்பர் 30) நடனம் முடிந்ததும் கைதட்டாதீர்கள், அது வழிபாடு. யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போகலாம். சைவக்காரர்கள் பச்சை மிளகாய்க் குழம்பில் பன்றிக்கறியோ வேறு கறியோ இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுக்கொள்ளட்டும். ஹோர்னோ என்ற மண் அடுப்பில் சுட்ட ரொட்டி எப்படியும் இருக்கும், அதில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளட்டும். சாப்பிட்டோமா, நன்றி சொன்னோமா, எழுந்தோமா என்று இருக்க வேண்டும். கதையடித்து உட்கார்ந்துவிடக் கூடாது. வாசலில் அடுத்த பந்தி நிற்கும்.