தகட்டில் இருக்கும் பெயர்

இன்று காலை பக்கத்து ஹேங்கரில் ரம்பச் சத்தம். பெரியவர் ஒன்பது வருடம் கராஜில் கட்டிய விமானத்தின் இறக்கையைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார்.

வாங்க ஆள் இருந்தது. இன்ஜினை மட்டும் விற்றார்.

அப்புறம் ஒரு சின்னத் தகட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். தீயிலும் அழியாத உலோகம். ‘தயாரிப்பாளர்’ என்ற இடத்தில் அவர் பெயர்.

இங்கே அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்துக்குக் கட்டியவரே தயாரிப்பாளர். எத்தனை கை மாறினாலும் அந்தப் பெயர் மாறாது. ‘விபத்து நடந்தாலும் கட்டியவர் மேல் வழக்குப் போட மாட்டேன்’ என்று வாங்குபவர் எழுதிக் கொடுக்கலாம். கூட ஏறிப் பறப்பவர் எழுதிக் கொடுக்கவில்லையே!

1997-இல் பாடகர் ஜான் டென்வர் விழுந்து இறந்ததும் இன்னொருவர் கட்டிய லாங்-ஈஸி விமானத்தில்தான். எரிபொருள் டாங்க் மாற்றும் வால்வு, விமானத்தின் வடிவமைப்பு வரைபடத்தில் சொன்ன இடத்தில் இல்லாமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. கட்டும்போது எடுத்த ஒரு முடிவு அது.

நல்ல மெக்கானிக்கிடம் முழுதாகச் சோதித்து, குறைகளை எழுத்தில் கொடுத்து விற்றிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பலர் அப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் இரவில் தூங்க வேண்டியவர் அவர்.

பதிவை ரத்து செய்யும் தாளில் கையெழுத்துப் போட்டார். தகட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி ரம்பத்தை எடுத்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.