நூறு யாருக்கு நூற்றிருபது காலடி

போன கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி. மாரி விட்டும் மைதானத்தின் ஒரு மூலை காயவில்லை. அதற்குமேல் மரத்தூளைக் கொட்டி, சுண்ணாம்புக் கோடு இழுத்து, ஒரு மாதிரி ஓடக்கூடிய இடமாக்கி வைத்திருந்தார்கள். மகளுக்குப் பதினொரு வயது, நீல இல்லம். மூன்று கிழமையாகக் கால் நோகுது, கால் நோகுது என்றுதான் வீட்டுக்கு வந்தாள். ஓடியா? இல்லை, அணிநடை பழகி. "ஓட்டம் எத்தனை நாள் பழகினீங்கள்?" என்று கேட்டேன். "ரெண்டு நாள். அதுவும் ஆரார் ஓடுறது எண்டு பேர் எழுதத்தான்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். விளையாட்டுப் போட்டி என்று பெயர் வைத்துவிட்டு, வெயிலில் பிள்ளைகளைக் கைவீசி நடக்கவிட்டு, அதற்குத் தனியாகப் புள்ளியும் போட்டு, ஓடுகிற பிள்ளைக்கு ஒழுங்கான பயிற்சி கொடுக்காமல் விடுவது என்ன நியாயம்? ஆனால் இது இந்தப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய வழக்கம் இல்லை. என் அப்பப்பா சொன்ன கதைகளை நினைத்துப் பார்த்தால், நூறு வருடத்துக்கு முந்திய பள்ளிக்கூடங்களுக்கு ஓட்டம் வேறு, ட்றில் (கட்டளைக்கு வரிசையாகச் செய்யும் உடற்பயிற்சி) வேறு என்ற எண்ணமே இருந்ததில்லை என்று தெரிகிறது.

அப்பப்பா முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றுக்காரர். 1920களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் கல்லூரியில் விடுதியில் நின்று படித்தவர். அப்போது எங்கள் பக்கம் மேல்வகுப்புப் படிக்க விரும்பினால் அங்கேதான் போக வேண்டும். வடக்கு ரயில் பாதை 1905 இலேயே காங்கேசன்துறை வரை போய்விட்டது, ஆனால் ரயிலைப் பிடிக்க மாங்குளத்துக்குப் போக வேண்டுமே. கிட்டத்தட்ட முப்பது மைல், மாட்டு வண்டியில், ஒட்டுசுட்டான் காட்டு வழியாக. இரவில் கரடிக்கும் யானைக்கும் பயந்து பந்தம் பிடித்துக்கொண்டு போவார்களாம். தவணை தொடங்கும்போது ஒருக்கா, முடியும்போது ஒருக்கா.

வன்னிப் பெடியன் என்றால் அங்கே உடனே தெரிந்துவிடுமாம். மலேரியாக் காய்ச்சல் வந்து வந்து மண்ணீரல் வீங்கி, வயிறு முன்னுக்கும் கால் குச்சியாகவும் இருக்கும். ட்றில் மாஸ்ரர் அப்படியான பெடியளைப் பின்வரிசையில்தான் நிற்பாட்டுவார். விடியக்காலை, சாப்பாட்டுக்கு முன்னம், நெஞ்சை நிமிர்த்து, வயிற்றை உள்ளே இழு, கையைப் பக்கவாட்டில் நீட்டு, லெப்ற், றைற். இரண்டு வருடத்தில் அப்பப்பா முன்வரிசைக்கு வந்துவிட்டார். ட்றிலாலா, மலேரியாவுக்குக் குடித்த கொயினா மருந்தாலா என்று அவருக்கே தெரியாது.

இந்த ட்றில் எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் படித்ததில் எனக்குப் பிடித்த கதை போவர் யுத்தம். 1899 இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும் அங்கே குடியேறியிருந்த டச்சு வழிவந்த போவர்களுக்கும் சண்டை தொடங்க, இங்கிலாந்தின் நகரங்களில் படைக்குச் சேர வந்த இளைஞர்கள் பலரை உடம்பு காணாது என்று திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. உடனே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடம்பில் அரசாங்கத்துக்கு அக்கறை பிறந்துவிட்டது. 1902 இல் அவர்கள் வெளியிட்ட முதல் உடற்பயிற்சித் திட்டம் அப்பட்டமான படைப் பயிற்சி, துவக்குக்குப் பதில் கையில் தடி. பிள்ளைகளுக்கு இது சரிவராது என்று சத்தம் கிளம்ப, 1904 இல் வேறு திட்டம் போட்டார்கள். 1909 இல் அதையும் திருத்தி, சுவீடன்காரர் லிங்கின் முறைக்கு நன்றாகவே திரும்பினார்கள். அவர் 1813 இலேயே ஸ்டொக்ஹோமில் உடற்பயிற்சிக்கென்று ஒரு நிலையம் தொடங்கியவர். அப்பப்பாவின் கை நீட்டலும் நெஞ்சு நிமிர்த்தலும் இந்த இரண்டும் கலந்த கூழ்தான். படைக்காரனின் கட்டளை, சுவீடன்காரனின் அசைவு.

அதே போவர் யுத்தத்தில் பிடிபட்ட கைதிகள் ஏறக்குறைய 5000 பேரை 1900 இல் கப்பலேற்றிக் கொண்டுவந்து வைத்த இடம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? எங்கள் மலைநாட்டுத் தியத்தலாவை. பின்னாளில் இலங்கைப் பள்ளிக்கூடக் கடேற் (மாணவர் படை) பெடியள் வருடா வருடம் முகாம் போட்டு, சிறந்த கடேற் அணிக்கான ஹேர்மன் லூஸ் கிண்ணத்துக்காகப் போட்டி போட்டதும் அதே தியத்தலாவையில்தான். கடேற் பயிற்சி இங்கே அதற்கும் முந்தியது. 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியில், அதிபர் ஜோன் கல் காலத்தில், தொண்டர் படையோடு சேர்த்துத் தொடங்கியது. அப்பப்பாவுக்குக் கடேற் உடுப்புப் போடக் கிடைக்கவில்லை, அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஒருக்கா கொழும்பில் கடேற் பெடியள் பூட்ஸ் காலோடு நடந்துபோனதைக் கண்டாராம். அந்தப் பூட்ஸின் மினுக்கத்தைப் பற்றி மட்டும் கால் மணித்தியாலம் கதைப்பார்.

ஓட்டத்துக்கு வருவோம். அப்பப்பா 440 யார் ஓடினவர், வெறுங்காலில், புல்லில். இதை மகளுக்குச் சொன்னபோது "யார்?" என்று கேட்டாள். "நானூற்று நாற்பது யார்" என்றேன். "அதுதான், யார் ஓடினது?" கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. மீற்றரில் பிறந்த பிள்ளை. இப்போதைய 400 மீற்றரை விட இரண்டு மீற்றரும் சொச்சமும் கூட என்று விளங்கப்படுத்தினேன். கால் உதைத்துப் புறப்பட இப்போது இருக்கிற கட்டைகள் அப்போது இல்லை. ஒலிம்பிக்கிலேயே 1948 இல் லண்டனில்தான் அவை முதன்முதலாக வந்தன (டங்கன் வைற் 400 மீற்றர் தடை தாண்டலில் எங்களுக்கு வெள்ளி கொண்டுவந்தாரே, அதே ஒலிம்பிக்). அப்பப்பா ஆக்கள் தாங்களே கரண்டியால் இரண்டு குழி தோண்டி, அதில் காலை வைத்துக் கிளம்புவார்கள். உயரம் பாய்தல் என்றால் கத்தரிக்கோல் மாதிரிக் காலைப் போட்டு மணலில் விழுவது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எதிர்வீரசிங்கம் 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்த செய்தி வந்தபோது, அப்பப்பா வளவில் கயிறு கட்டி அந்த உயரத்தை ஊருக்குக் காட்டினாராம். அவர் கையைத் தூக்கினால்தான் எட்டுமாம்.

சரி, போன கிழமைக்கு வருகிறேன். இல்லக் கூடாரச் சோடனை, அணிநடை, சத்தியப்பிரமாணம், தீபம். ஒலிம்பிக்கில் சத்தியப்பிரமாணம் 1920 இல் அன்ற்வேர்ப்பில் தொடங்கியது. தீபத்தைக் கையில் கொண்டு ஓடுவது 1936 இல் ஹிட்லரின் பேர்லினில். எல்லாம் அந்தக் காலத்துப் பண்டங்கள்தான், வன்னி மைதானத்தில் புதுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கின்றன. பான்ட் அடிக்க, பிள்ளைகள் வரிசை பிசகாமல் வந்து, மேடைக்கு முன்னால் டக்கென்று தலையைத் திருப்பினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் அந்த நேரம் பார்த்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அணிநடை முடிந்து ஓட்டம் தொடங்கிய பிறகுதான் திரும்பி வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மண்ணில் பிள்ளைகள் வரிசையாக நடப்பதைப் பார்க்கும்போது எல்லாருக்கும் ஒரே நினைப்பு வராது.

நீல இல்லத்துக்கு அணிநடையில் முதலிடம். மகள் 100 மீற்றரில் நாலாவது. கிளம்பும்போதே சறுக்கிவிட்டாள், யாரும் சொல்லிக் கொடுக்காததால்.

அப்பப்பா 440 இல் வாங்கிய சின்னக் கிண்ணத்தைக் கடைசி இடப்பெயர்வில் எங்கோ விட்டுவிட்டோம். ஆனால் அவர் ட்றிலில் பழகிய கால் மட்டும் சாகும்வரை அவரோடு இருந்தது. படை நடையில் ஒரு காலடி முப்பது அங்குலம், நிமிடத்துக்கு நூற்றிருபது காலடி. கணக்குப் பார்த்தால் நூற்றிருபது காலடி சரியாக நூறு யார், சரியாக ஒரு நிமிடம். நாடாவும் இல்லாமல் மணிக்கூடும் இல்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயல் வரம்பில் நடந்தே காணி அளப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போய், நாடா பிடித்து நூறு யார் அளந்து, இரண்டு பக்கமும் தடி நட்டு, நடக்கச் சொன்னேன். மூன்று கிழமை பழகிய அணிநடை. கையை வீசி, நிமிர்ந்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு போனாள். மறுகரைத் தடியில் நின்று "நூற்றி எழுபத்திமூண்டு!" என்று கத்தினாள். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, உங்கட அப்பப்பா பொய் சொல்லியிருக்கிறார்."